அம்மாவின் மீன்கூடையைப் பார்த்த கேமரா



இந்த மாதப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சத்தமாக வாசியுங்கள். படிக்கத் தெரியாத அக்காமார்களும் கேட்கட்டும். வாசிக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டில் உங்களுடைய போட்டோ எத்தனை இருக்கிறது, எதெது எப்போது எடுத்தது என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பாருங்கள்.

நாங்களும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மஞ்சள் நீராட்டுச் சீரில் எடுத்தது ஒன்று. கல்யாண ஆல்பம் ஒன்று. முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு, தாஜ்மகால் வரைந்த திரைக்கு முன்னால் விறைப்பாக நின்று ஸ்டுடியோவில் எடுத்தது ஒன்று. ரேஷன் கார்டுக்கும், வாக்காளர் அட்டைக்கும், ஆதாருக்கும் எடுத்தவை. பேங்க் கடனுக்காகக் குழுவாக உட்கார்ந்து எடுத்தது. அதற்கு அப்புறம் மாலை போட்டுச் சுவரில் மாட்டுகிற படம்தான்.

செல்போன் வந்தபிறகு எண்ணிக்கை கூடியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதிலும் கோயில் விசேஷம், பேரன் பிறந்தநாள், ஜேடர்பாளையம் அணைக்கட்டு முன்னால் நின்று எடுத்தது, இவைதான். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கவுளி கட்டும்போது எடுத்த போட்டோ உண்டா? ஆலைக்கொட்டகையில் கொப்பரைச் சூட்டில் வேர்த்துக் கொட்ட நின்று அச்சு வெல்லம் ஊற்றும்போது எடுத்தது உண்டா? எடுக்க வந்தால்கூட, "இந்தக் கோலத்துல எதுக்குங்க போட்டோ? இருங்க, ஒரு நல்ல சேலை கட்டிட்டு வர்றேன்" என்று உள்ளே ஓடிவிடுவோம்.

அந்தக் கோலத்தைத்தான் எடுப்பேன் என்று நின்ற ஒரு பிள்ளையைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறோம்.

அவர் பெயர் பழனிகுமார். மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்துக்காரர். அவருடைய அம்மா மீன் விற்பவர். மீன் விற்பது என்றால் என்ன பாடு என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அணைக்கட்டுப் பக்கம் மீன் கழுவி, நறுக்கி, மசாலா தடவிப் பொரித்துக் கொடுக்கிற பெண்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். கையிலிருந்து கவிச்சி போகாது. ஐஸ் கரைவதற்குள் விற்றாக வேண்டும். மிஞ்சினால் நஷ்டம் முழுவதும் நம் தலையில். அப்படிப்பட்ட பிழைப்பில் ஒரு தாய் வளர்த்த பிள்ளை கேமராவைக் கையில் எடுத்தார். அந்த முதல் கேமராவும் கடன்பட்டு வாங்கியதுதான்.

கடன் வாங்கிக் கேமரா வாங்கினவன் அடுத்து என்ன செய்வான்? கல்யாணம், காதுகுத்து, சீர் என்று ஓடுவான். வட்டி கட்டவேண்டுமே! அதில் ஒரு தப்பும் இல்லை. நம் வட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகள் அந்தத் தொழிலில்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பழனிகுமார் போன வழி வேறு. தன் அம்மாவைப் போல உடம்பை உருக்கி உழைக்கிற பெண்களையும், ஊர் ஒதுக்கி வைத்த வேலையைச் செய்கிற மக்களையும் தேடிப் போனார். அவருக்கு நன்றாகத் தெரிந்த உலகம் அது. அழகான மலையும் அருவியும் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விடியலில் மீன்கூடை தூக்குகிறவளின் கழுத்து எப்படி வலிக்கும் என்று தெரிந்து எடுக்க எத்தனை பேர்?

2017-ஆம் ஆண்டு "கக்கூஸ்" என்று ஒரு ஆவணப்படம் வந்தது. இயக்கியவர் திவ்யபாரதி என்ற பெண். ஒளிப்பதிவு பழனிகுமார். மனிதக் கழிவை மனிதரே கையால் அள்ளுகிற கொடுமை தமிழ்நாட்டில் எங்கெல்லாம் நடக்கிறது என்று ஊர் ஊராகப் போய் எடுத்த படம். பார்க்கவே முடியாது, குமட்டும். அதைச் செய்கிறவர்களுக்குக் குமட்டாதா என்பதுதான் அந்தப் படம் கேட்கிற கேள்வி. பல இடங்களில் திரையிட விடவில்லை. பிறகு இணையத்தில் வெளியிட்டார்கள், ஏராளமானவர்கள் பார்த்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993-லேயே ஒரு சட்டம் வந்தது. 2013-ல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. ஆனால் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் இறங்கினவர்கள் விஷவாயு தாக்கிச் சாவது நிற்கவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இந்தத் தொகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலேயே தொட்டி கழுவ ஆளை இறக்குகிறார்கள் என்றால் அது குற்றம் என்று சொல்லவும், துரதிருஷ்டமாக ஏதாவது நடந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லவும் உதவும்.

போட்டோவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மனு எழுதினால் "அப்படியெல்லாம் எங்கேயும் நடக்கறதில்லீங்க" என்று பதில் வந்துவிடும். படம் முன்னால் வந்தபிறகு அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. அதோடு பழனிகுமார் செத்த உடம்பை மட்டும் எடுத்துவிட்டு வரவில்லை. அந்த வீட்டுக்குப் போனார், அப்பாவை இழந்த பிள்ளைகளைப் பார்த்தார். அந்தப் பிள்ளைகளின் படங்களை "நானும் ஒரு குழந்தை" என்ற பெயரில் கண்காட்சியாக வைத்தார். அந்தப் பெயர் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. பாவம் என்று பார்க்கச் சொல்லவில்லை. உன் வீட்டுக் குழந்தை மாதிரி நானும் ஒரு குழந்தை, அவ்வளவுதான்.

2019-ல் பாரி என்ற அமைப்பு அவருக்கு ஒரு வருட ஆய்வு உதவி கொடுத்தது. கிராமத்து மக்களின் வாழ்க்கையைப் படமாகவும் எழுத்தாகவும் சேர்த்து வைப்பதற்காகப் பத்திரிகையாளர் சாய்நாத் 2014-ல் தொடங்கியது அது. சாய்நாத் பற்றியும் ஒரு வார்த்தை. 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் சுற்றி, கிராமத்துப் பெண்கள் வேலை செய்வதை மட்டுமே போட்டோவாக எடுத்துக் கண்காட்சி வைத்தார். செங்கல் சுமப்பது, நாற்று நடுவது, விறகு தூக்குவது எல்லாம் அதில் உண்டு. வேலை கண்ணுக்குத் தெரிகிறது, அதைச் செய்கிற பெண் மட்டும் தெரிவதில்லை என்பதுதான் அந்தக் கண்காட்சியின் பெயருக்கே பொருள். குடும்பத் தலைவர் என்ன தொழில் என்று எழுதுகிற படிவத்தில் நம் பேருக்கு நேராக "வேலை இல்லை, வீட்டில் இருக்கிறார்" என்று எழுதுகிறார்களே, அதே கதைதான்.

பாரிக்காகப் பழனிகுமார் எடுத்த படங்களில் எங்கள் மனதில் நின்றது ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகர்ப் பெண்களின் படங்கள். கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள் அவர்கள். நமக்குக் காவிரி தெரியும், ஆடிப்பெருக்கன்று இறங்குவோம், முட்டிக்கு மேல் தண்ணீர் வந்தால் பயம். அந்தப் பெண்கள் படகில் போய், மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே முங்குகிறார்கள். சுவாசிக்கக் குழாயோ சிலிண்டரோ கிடையாது. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். காலுக்கு ரப்பர் செருப்பு. கண்ணுக்கு ஒரு கண்ணாடி. பறித்த பாசியைப் போட ஒரு வலைப்பை. மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடி உள்ளே. அந்தப் பாசியிலிருந்து எடுக்கிற பசை ஐஸ்கிரீம் போன்ற பண்டங்களிலும் மருந்துகளிலும் சேர்கிறது. நம் பிள்ளைகள் நக்கித் தின்கிற ஐஸ்கிரீமுக்குள் யாரோ ஒரு தாயின் மூச்சு இருக்கலாம் என்று நாங்கள் இதற்கு முன் நினைத்ததே இல்லை.

அந்தப் படங்களின் கீழே அந்தப் பெண்களின் பெயர் இருக்கிறது. "பாசி எடுக்கும் பெண்" என்று போட்டு முடித்துவிடவில்லை. ஜேடர்பாளையத்தில் அணையையும் ராஜா வாய்க்காலையும் உண்டாக்கியவர் என்று அல்லாள இளைய நாயக்கர் பெயர் இன்றும் இருக்கிறது. இருக்கவேண்டியதுதான், அந்தத் தண்ணீரில்தான் நம் வாழையும் கரும்பும் வெற்றிலையும் விளைகின்றன. அந்த வாய்க்காலுக்கு மண் சுமந்தவர்கள் யார் யார், அதில் பெண்கள் எத்தனை பேர்? ஒரு பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

பழனிகுமாருக்கு 2020-லும் 2021-லும் புகைப்படப் பணிக்கான உதவித்தொகைகள் கிடைத்தன. 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் இவர். பரிசு 2 லட்சம் ரூபாய். தயானிதா சிங் இந்தியாவின் பெரிய புகைப்படக் கலைஞர், பெண். அதே 2022-ல் ஸ்வீடன் நாட்டின் ஹாஸல்பிளாட் விருது அவருக்குக் கிடைத்தது. அதைத் தொடர்ந்துதான் இந்த விருதை ஏற்படுத்தினார். நாம் சுழல்நிதி என்கிறோமே, அந்தக் குணம்தான். பழனிகுமார் பிறகு பாரியிலேயே புகைப்படக் கலைஞராகப் பணியில் சேர்ந்தார். துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். தான் எடுத்தது போதாது, அந்தப் பிள்ளைகளே தங்கள் தெருவை எடுக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். கேமராவை எங்கே வைத்துப் பிடிப்பது?

இதற்கு நல்ல பாடம் சொல்லித் தந்தவர்கள் தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற அமைப்பின் சங்கப் பெண்கள், நம்மைப் போலவே. பெரும்பாலும் தலித் பெண்கள், கொஞ்சம் நிலத்தில் சோளமும் தினையும் விதைக்கிறவர்கள், பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீடியோ கேமரா பழகி, 2001-ல் தங்களுக்கென்றே ஒரு ஊடக அமைப்பு வைத்துக்கொண்டார்கள். வாரங்கல் விவசாயிகள் பி.டி. பருத்தி போட்டு நஷ்டப்பட்டதை அவர்களே படமாக எடுத்தார்கள். சினிமாக்காரர்கள் சொல்கிற ஆங்கிலப் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையவில்லை, தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கேமரா மேலே இருந்து கீழே பார்த்தால் அது பட்டேல் ஷாட். பட்டேல் என்றால் அங்கே பண்ணையார், அவர் எப்போதும் கூலிக்காரர்களை மேலே இருந்துதானே பார்ப்பார்! எதிராளியின் கண்ணுக்கு நேராகக் கேமரா இருந்தால் அது சங்கம் ஷாட். சங்கத்தில் எல்லாரும் ஒரே பாயில் உட்காருகிறோம், யாரும் மேலும் இல்லை கீழும் இல்லை.

இதை இன்றே உங்கள் செல்போனில் செய்து பாருங்கள். ஒரு அக்கா தரையில் உட்கார்ந்து மீன் நறுக்கட்டும். நின்றுகொண்டே ஒரு படம் எடுங்கள். பிறகு நீங்களும் தரையில் உட்கார்ந்து, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் தலை உச்சியும் பாத்திரமும் தெரியும். இரண்டாவதில் அவர் முகம் இருக்கும், கையின் வேகம் இருக்கும், அருவாமனையின் கூர்மை இருக்கும்.

இன்னும் சில விஷயம். நடுப்பகல் வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து முகம் இருண்டுவிடும். காலை வெயிலும் சாயங்கால வெயிலும் நல்லது. வாசலுக்கு முதுகு காட்டி நிற்கிறவரை உள்ளே இருந்து எடுத்தால் கரிக்கட்டை மாதிரி வரும், அவரை வெளிச்சம் பார்த்துத் திரும்பச் சொல்லுங்கள். ஆலைக்கொட்டகையில் ஆவி படிந்து கண்ணாடி மங்கும், முந்தானை நுனியால் ஒரு தடவை துடைத்துவிட்டு எடுங்கள். கொப்பரைக்கு ரொம்பப் பக்கத்தில் போகவேண்டாம், பாகு தெறித்தால் தோல் உரியும். தூரத்தில் நின்று விரலால் பெரிதாக்கி எடுத்தால் படம் கலங்கும், நாலு எட்டு நடந்து கிட்டே போவது நல்லது. முழு ஆளை ஒன்று, கையை மட்டும் ஒன்று, வேலை நடக்கிற இடத்தை ஒன்று என்று எடுத்தால் பார்க்கிறவர்களுக்கு வேலை புரியும்.

இதையெல்லாம்விட முக்கியம், கேட்டுவிட்டு எடுப்பது. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எடுத்த படத்தை அவரிடம் காட்டுங்கள். எழவு வீட்டில் அழுகிறவரை, குளிக்கும் துறையில் இருப்பவரை, அடிபட்டுக் கிடப்பவரை எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவது அக்கிரமம். அடுத்த வீட்டுப் பெண் குழந்தை படத்தைப் பெற்றவர்களைக் கேட்காமல் அனுப்பவே கூடாது.

கடைசியாகப் பணக் கணக்கு. இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் முடியாது. நம் குழுக்களில் ஒரு உறுப்பினர் தன் மகனுக்கோ மகளுக்கோ கேமரா வாங்க உள்கடன் கேட்டால் என்ன பேச்சு வரும்? "மாடு வாங்கறேன்னா குடுக்கலாம், தையல் மிஷின்னா குடுக்கலாம், இது ஒரு பொழப்புங்களா?" என்பார்கள். மகள் என்றால் இன்னும் ஒரு படி மேலே: "பொட்டப்புள்ள கேமராவைத் தூக்கிட்டு ஊர் ஊராப் போறதாக்கும்?"

மகள் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஹோமாய் வியாரவல்லா என்ற அம்மையார் 1913-ல் குஜராத்தில் நவ்சாரியில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். சேலை கட்டிக்கொண்டு, கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு டில்லியில் நேருவையும் பெரிய பெரிய தலைவர்களையும் எடுத்தார். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில் வெளியாயின. கடைசியில் 2011-ல் பத்மவிபூஷண் விருது அவர் பெயருக்கே வந்தது, 2012-ல் காலமானார். அந்தக் காலத்திலேயே முடிந்திருக்கிறது. நம் பக்கத்தில் சீர் வீட்டிலும் வளைகாப்பிலும் பெண் ஒருத்தி கேமராவோடு வந்தால் வீட்டுப் பெண்கள் கூச்சமில்லாமல் நிற்பார்கள். அதற்கு ஆளே கிடைப்பதில்லை.

கடனைப் பற்றி எங்கள் அபிப்பிராயம் இதுதான். கேட்டவுடன் மறுக்கவும் வேண்டாம், பாசத்தில் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். கேமரா நகை மாதிரி இல்லை, வாங்கின மறுநாளே விலை இறங்கிவிடும். அதனால் முதலில் பிள்ளை செல்போனில் எடுத்த படங்களைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆறு மாதமாவது ஒரு ஸ்டுடியோக்காரரிடம் உதவியாளாகப் போகட்டும். முதல் கேமரா பழையதாக இருந்தால் போதும், தெரிந்தவரை வைத்துப் பார்த்து வாங்குங்கள். தவணை போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, கேமராக்காரருக்கு வருமானமும் இல்லை. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் தவணையைக் கூட்டி, அந்த இரண்டு மாதங்களில் குறைத்து எழுதிக்கொண்டால் தவறாமல் கட்டமுடியும். கொடிக்காலுக்கும் கரும்புக்கும் விளைச்சல் பார்த்துத் தவணை வைக்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான்.

கல்யாண வேலை கடனை அடைக்கட்டும். பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு ஆசை இருந்தால், தாத்தாவின் தறியோ, அம்மாவின் கொடிக்காலோ, தெருவில் விளையாடும் பிள்ளைகளோ, வாரத்தில் ஒரு நாள் அதை எடுக்க விடுங்கள். "அதுல என்ன காசு வருது?" என்று அன்றைக்கு மட்டும் கேட்காதீர்கள். பழனிகுமாருக்கு விருது வந்தது என்பதற்காக எல்லாருக்கும் வரும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். பலருக்கு வராது. வராவிட்டாலும் அந்தப் படங்கள் நம் வீட்டில் இருக்கும், நம் வேலை அதில் இருக்கும்.

இந்த மாத வேலை: ஒவ்வொரு குழுவும், வேலை செய்துகொண்டிருக்கிற உறுப்பினர் ஒருவரின் படத்தை அவர் சம்மதத்தோடு எடுத்துப் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். போனில் மட்டும் வைத்தால் போன் தொலையும்போது படமும் தொலையும். பின்பக்கம் அவர் பெயர், ஊர், வேலை, தேதி நான்கையும் எழுதுங்கள். ஒரு பிரதி அவருக்கு, ஒரு பிரதி தீர்மானப் புத்தகத்தோடு. பொங்கலுக்கு முன்னால் ஆலைக்கொட்டகைகளில் வேலை மும்முரமாக இருக்கும் என்பதால், வெல்ல வேலைக்குப் போகிற அக்காமார்களை அந்தச் சமயத்தில் எடுக்கத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். பிரிண்டுகளை ஊக்குநர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வரவும்.